பாக்கியம் பார்த்த மூன்று ஓட்டல்கள்

கொழும்பில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கூடத்துக்குப் புதிய தமிழ் அச்சு எழுத்துகள் தேவைப்பட்டன. மதுரையில் ஒரு வார்ப்படக்காரரிடம் பார்த்து வாங்கி வரும்படி முதலாளி என்னை அனுப்பினார். இரண்டு நாளில் அந்த வேலை முடிந்துவிட்டது. லீவு இன்னும் பத்து நாள் பாக்கி இருந்தது. மனைவி பாக்கியமும் இரண்டு பெண்களும் கூடவே வந்திருந்தார்கள். மூத்தவள் எஸ்தருக்கு ஒன்பது வயது, சின்னவள் ரூபிக்கு ஆறு.

மதுரையில் என்னோடு படித்த டாக்டர் ஒருவர் தம்முடைய பழைய காரையும், சேர்த்து வைத்திருந்த பெட்ரோல் கூப்பன்களையும் என் கையில் கொடுத்தார். கொழும்பில் அச்சுக்கூட வண்டியை ஓட்டிப் பழகிய கை எனக்கு. "நேரே குற்றாலத்துக்குப் போ. ஆனி பிறந்துவிட்டது, அருவியில் தண்ணீர் விழும்" என்றார் டாக்டர்.

"நாங்க அருப்புக்கோட்டைப் பக்கம் போறோம்ணே" என்றாள் பாக்கியம்.

டாக்டர் சிரித்தார். ஆனி மாதத்தில் உல்லாசமாகச் சுற்றுவதற்கு அந்த வறண்ட காட்டுக்குப் போகிறவர்களை அவர் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கியம் பிறந்த கிராமம் திருச்சுழியிலிருந்து இரண்டு மைல். நான் அருப்புக்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தபோது, பக்கத்து வீட்டில் இருந்த தன் சித்தியைப் பார்க்க அவள் வருவாள். நான் வேதக்காரன். அவர்கள் நிலபுலம் உள்ள சம்சாரிக் குடும்பம். கோயிலில் தாலி கட்டிக்கொள்ள வேண்டியவள் சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டாள். அதோடு அவள் அண்ணன் சங்கரலிங்கம் எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். பதினோரு வருடமாக அவள் எழுதிய கடிதம் ஒன்றுக்கும் பதில் இல்லை. என் பக்கத்து உறவினர் எல்லோரும் கொழும்பிலேயே இருக்கிறார்கள். ஆகவே, அந்தச் சீமையில் எங்களுக்கு ஓட்டலைத் தவிர வேறு இடம் கிடையாது.

முதல் நாள் பாலவனத்தத்தில் இறங்கினோம். யாரோ பஞ்சு வியாபாரித் துரை கட்டிய பங்களா, ஊருக்கு வெளியே வேப்பந்தோப்புக்குள் இருந்தது. சுதந்திரம் வந்தபின் துரைகள் வருவதில்லை என்பதால் வழிப்போக்கர்களுக்கு அறை கொடுக்கிறார்கள். சேவியர் என்ற பட்லர் வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். கொசுவலை போட்ட கட்டில்கள், குளிப்பதற்குத் தொட்டி, கார் நிறுத்தத் தனிக் கொட்டகை. அந்தக் கட்டிலில் உட்கார்ந்தவுடனேயே, பத்து நாளையும் இங்கேயே கழித்துவிடலாம் என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

பாக்கியம் கட்டிலைப் பார்க்கவில்லை. "இங்க சமைக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. கட்லெட்டு, கோழி ரோஸ்ட்டு, கஸ்டர்டு, எது கேட்டாலும் செய்வேன். கப்பல்ல வேலை பார்த்தவன்."

"வெளியாளுக வந்து சாப்பிடுவாகளா?"

சேவியருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கண்டவுகளையும் உள்ள விட மாட்டோம்மா. துரை இருந்தப்ப எப்படியோ அப்படியேதான்."

பாக்கியம் வாசலில் வந்து நின்று தோப்பைப் பார்த்தாள். "ரோடு இங்கயிருந்து தெரியலையே" என்றாள். மறுநாள் காலை பெட்டிகளைக் காரில் ஏற்றினோம். சேவியர் செய்திருந்த முட்டை அப்பத்தின் நினைவோடு வண்டியை ஓட்டினேன்.

வழியெல்லாம் கரிசல் வெடித்துக் கிடந்தது. உடைமரத்து நிழலில் ஆட்டுக் கிடை. பனைகளைத் தவிர நிமிர்ந்து நிற்கிற எதுவும் இல்லை. கொழும்பில் மதில்மேல்கூடப் பாசி முளைப்பதைப் பார்த்து வளர்ந்த ரூபி, "இந்த ஊருக்கு யாரும் தண்ணி ஊத்தலையா அப்பா?" என்று கேட்டாள். ஊத்துகிறவர் ஐப்பசியில் வருவார் என்றேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் கார் ஒரு தெருவின் முனையில் நின்றுவிட்டது. காரில் ஒன்றும் பழுதில்லை. தெரு நெடுகப் பாவு விரித்திருந்தார்கள். முப்பது நாற்பது முழத்துக்கு நூல் இழைகள் குச்சிகளுக்கு மேல் கட்டிலின் உயரத்தில் நீண்டு கிடந்தன. இருபுறமும் ஆட்கள் கஞ்சி தடவிக்கொண்டே நடந்தார்கள். நான் ஹாரன் அடித்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

"பாவு காயணும்யா. கவர்னரே வந்தாலும் நின்னுதான் போகணும்" என்றார் கஞ்சித் தூரிகையோடு இருந்த ஒருவர்.

ஒன்றரை மணி நேரம் நின்றோம். அதற்குள் எங்களுக்குப் பருத்திப்பால் வந்தது. கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள். ஆனி வெயிலில் அதைக் குடிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். குடித்தபின் வெயில் உறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் இருவரும் சாக்கடையில் ஓடிய சாயத் தண்ணீரில் காலை வைத்து, ஒருத்தி பச்சைக் காலோடும் ஒருத்தி சிவப்புக் காலோடும் வந்தார்கள்.

அங்கே நாங்கள் பார்த்த லாட்ஜ் ஒரு நூல் கடையின் மாடியில் இருந்தது. மின்சார விளக்கு உண்டு. அறை சுத்தம். பொழுது விடிந்ததிலிருந்து தறிகளின் சத்தம் தரையின் வழியாகக் காலில் ஏறும், அவ்வளவுதான். எனக்கு அதுவும் பிடித்திருந்தது. எங்கள் அச்சுக்கூடத்திலும் தரை இப்படித்தான் அதிரும்.

நூல் கடைக்காரர் மனைவி பாக்கியத்திடம் பேச்சுக் கொடுத்தாள். "எந்த ஊரும்மா நீங்க?"

"திருச்சுழிப் பக்கம்."

"அப்ப எதுக்கு லாட்ஜு? சொந்தக்காரவுக யாரும் இல்லையா?"

"இருக்காக" என்றாள் பாக்கியம். அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பாக்கியத்துக்கு வலித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சற்று நேரம் கழித்து, "திருச்சுழி பஸ்ஸு இந்தத் தெரு வழியாவா போகும்?" என்று பாக்கியம் கேட்டாள். அது வேறு தெருவில் போகும் என்றார்கள். அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. "கட்டில் இருந்தா ரோடு இல்லைங்கிற. லைட்டு இருந்தா பஸ்ஸு இல்லைங்கிற. நீ எதைத்தான் தேடுற?"

"தங்குறதுக்கு இடம் தேடுறேன்" என்றாள்.

மூன்றாம் நாள் திருச்சுழிக்குப் போனோம். முன்னால் போன பஸ் கரி அடுப்பில் ஓடுகிற பழைய வண்டி. மேட்டில் அது திணறும்போது ஆண்கள் இறங்கி நடந்தார்கள், பெண்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். மேடு ஏறியதும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். யாரும் இதை ஒரு அசௌகரியமாகக் கருதியதாகத் தெரியவில்லை. பீடியைப் பற்ற வைக்க அவகாசம் கிடைத்ததே என்பதுபோல் இருந்தது அவர்கள் முகம்.

ஊருக்கு அருகே குண்டாறு மணலாகக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் ஆற்றில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் அதைக் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டாள். நான் காரை ஆற்றுக்குள் இறக்கினேன். பத்து கஜம் போனோம். பிறகு பின் சக்கரங்கள் ஒரே இடத்தில் சுற்றிக் குழி பறித்தன. நான் மேலும் மேலும் மிதிக்க, கார் கோழி அடைகாப்பதுபோல மணலில் உட்கார்ந்துவிட்டது.

எரு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டிக்காரர் எங்களைச் சிறிது நேரம் பார்த்தார். மாடுகளை அவிழ்த்து, கயிற்றைக் காரின் முன்னால் கட்டினார். மாடுகள் இரண்டு முறை மூச்சுவிட்டு இழுத்தன. கார் கரைக்கு வந்துவிட்டது. நான் நன்றி சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் பாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சங்கரலிங்கம் தங்கச்சில்ல?"

"ஆமா மாமா. நல்லாருக்கீகளா?"

"இருக்கேன்." அவர் மாடுகளை மறுபடி வண்டியில் பூட்டினார். "வீட்டுக்கா?"

"இல்லை. இங்கயே எங்கயாச்சும் தங்கணும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "பஸ்ஸு நிக்கிற இடத்துல முத்தையா பிள்ளை காப்பி கிளப்பு இருக்கு. பின்னால ரெண்டு ரூமு வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பாக்கியத்தின் கிராமம் இருக்கும் திசையில்தான் வண்டி போனது.

முத்தையா பிள்ளையின் கிளப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டுக் கூரை, மண் சுவர், முன்னால் நாலு பெஞ்சு. வாசலுக்கு நேரே ரோடு. ரோட்டுக்கு நேரே பஸ் நிற்கும் வேப்பமரம். பின்னால் இருந்த அறையில் இரண்டு கயிற்றுக் கட்டில்கள். ஒன்றில் நான் உட்கார்ந்தபோது தரையைத் தொட்டேன். குளிக்கக் கிணற்றடி. கார் நிறுத்த இடம் ரோடுதான்.

பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க?"

"வேதக்காரங்க. கொழும்பிலிருந்து வருகிறோம்."

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். காரைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் கூடி நின்றார்கள். "காருல வாரவுகளுக்கு என்ன சாதி? இருங்க" என்றார்.

பாக்கியம் தன் கேள்விகளைக் கேட்டாள். சமைக்கிறது யாரு? பிள்ளையின் சம்சாரம். சைவம். யார் வந்து சாப்பிடுவார்கள்? "ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வாரவுக, கோயிலுக்கு வாரவுக, சம்சாரிக, எல்லாரும்தான். நம்ம கிளப்புல சாப்பிட்டா யாரும் கொறை சொல்ல மாட்டாக."

"இது நல்லாருக்கு" என்றாள் பாக்கியம். முதல்முறையாகப் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

அந்தத் தொய்ந்த கட்டிலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. அவள் எங்களுக்கான ஓட்டலைப் பார்க்கவே இல்லை. அவள் அண்ணன் வந்தால் ஒரு வாய் காபி குடிக்கக்கூடிய ஓட்டலைத் தேடியிருக்கிறாள். மூன்று நாளாக நான் கட்டிலையும் தொட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் வருவார்னு நினைக்கிறியா?" என்று கேட்டேன்.

"தெரியலை" என்றாள். "வந்தா உக்கார இடம் இருக்கணும்ல."

நாலாம் நாள் நாங்கள் எங்கும் போகவில்லை. குதிரைவாலிச் சோறும், சீனியவரைக்காய் வத்தல் குழம்பும், துவரம்பருப்புத் துவையலும் சாப்பிட்டோம். ரேஷன் அரிசி வருகிற நாளில்தான் நெல்லுச்சோறு என்றார் பிள்ளை. மற்ற நாளில் குதிரைவாலி. எனக்கு அதுவே மேலாக இருந்தது. பெண்கள் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாக்கியம் முன் பெஞ்சில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிற பிள்ளையின் மனைவிக்கு உதவிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஒரு கூண்டு வண்டி ரோட்டில் போனது. ஓட்டியவர் நெடுநெடுவென்று இருந்தார். தலையில் துண்டு. பாக்கியத்தின் கை அரிசியில் அப்படியே நின்றது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் கிளப்பைத் தாண்டும்போது மாடுகள் மெதுவாக நடந்தன. அவர் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

"அவுகதான்" என்றாள். பிறகு கல் பொறுக்கத் தொடங்கினாள்.

ஐந்தாம் நாள் காலை, பஸ் வந்து போன சற்று நேரத்தில், அவர் நடந்தே வந்தார். பெஞ்சில் இருந்த என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்டிப் போனார். என்னைக் கடந்து போனது ஒரு தூணைக் கடந்து போனது போலத்தான் இருந்தது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். உள் பெஞ்சில் உட்கார்ந்து, "பிள்ளைவாள், ஒரு காப்பி" என்றார். அவர் காபி குடிக்கிற மனிதரே இல்லையாம். அந்தக் கிளப்புக்குள் அவர் கால் வைத்ததும் அன்றுதானாம். பிள்ளை பிறகு சொன்னார்.

"யாரோ வெளியூரு ஆளுக வந்து தங்கியிருக்காகளோ?" என்று கேட்டார் சங்கரலிங்கம்.

"ஆமா. கொழும்புலயிருந்து."

"எத்தனை புள்ளைக?"

"ரெண்டும் பொம்பளப் புள்ளைக."

"பேரு என்னவாம்?"

பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்யா, அதுக ரெண்டும் உம்ம மூக்குக்கு முன்னால நிக்குதுக. அதுககிட்டயே கேளுமே. எனக்கு அடுப்புல பால் கெடக்கு."

எஸ்தர் என் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். ரூபி முன்னால் போனாள். "என் பேரு ரூபி. உங்க பேரு என்ன?"

அவர் தம்ளரை வாயிலிருந்து எடுத்தார். "சங்கரலிங்கம்."

"எங்க மாமா பேரும் அதுதான்" என்றாள் ரூபி.

அவர் கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் அறையின் நிலைப்படியில் வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். உடனே பார்வையை மாற்றிப் பிள்ளையிடம் பேசினார். குரல் மட்டும் உயர்ந்திருந்தது.

"ஊரு மத்தியில நின்னு சொன்னவன் நான், பிள்ளைவாள். அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன், என் வாசப்படிய அவ மிதிக்கக் கூடாதுன்னு. சொன்னது சொன்னதுதான். அதுல மாத்தம் இல்லை. ஆனா இது அவ வாசலும் இல்லை, என் வாசலும் இல்லை."

"என் வாசல்" என்றார் பிள்ளை. "யாரும் வரலாம்."

பாக்கியம் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "பிள்ளைவாள், இன்னைக்கு இவுகளுக்கு நான் சோறு போடட்டுமா?"

பிள்ளை யோசித்தார். அவருக்கும் ஊர் இருக்கிறது, கிளப்பின் பேர் இருக்கிறது. "அடுக்களைக்குள்ள வர வேணாம். வாளிய நான் கொண்டாந்து தாரேன். நீங்க பரிமாறுங்க" என்றார்.

இலை விழுந்தது. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சாப்பாட்டு நேரமே இல்லை. அவர் எழுந்து போவதென்றால் அப்போதே போயிருக்கலாம். எழவில்லை. இலையில் தண்ணீர் தெளித்தார். பாக்கியம் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"கொழம்புல உப்பு கூட" என்றார்.

உள்ளேயிருந்து பிள்ளையின் மனைவியின் குரல் கேட்டது. "இத்தனை பேரு சாப்பிடுறாக, இன்னைக்குத்தான் உப்புக் கூடிருச்சாக்கும்!"

"அண்ணனுக்கு எப்பவும் அரை உப்புத்தான்" என்றாள் பாக்கியம். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் காது கேட்க அவள் 'அண்ணன்' என்று சொன்னது அப்போதுதான். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கினார். மோருக்கும் வாங்கினார். கை கழுவிவிட்டு, ரூபியின் தலையில் ஈரக் கையை ஒரு கணம் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பாக்கியம் அழுவாள் என்று நினைத்தேன். அவள் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, வாளியைக் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "எளைச்சுப் போயிட்டாக" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கிளப்பில் எங்களுக்கு ஓய்வு இல்லை. சங்கரலிங்கம் காபி குடித்த செய்தி கிராமத்துக்குப் போய்விட்டது. ஆறாம் நாள் அவர் மனைவி வேலம்மாள் தூக்குச் சட்டியில் கருப்பட்டிப் பணியாரத்தோடு வந்தாள். "ஓட்டலுக்கு வெளிப் பண்டம் கொண்டாரக் கூடாது தாயி" என்றார் பிள்ளை. வேலம்மாள் அவருக்கு ஆறு பணியாரம் எடுத்து வைத்தாள். சட்டம் அத்தோடு முடிந்தது.

அவளைத் தொடர்ந்து பெரியப்பா மகன் வந்தார். அத்தைமார் இருவர் வந்தனர். பாக்கியத்தோடு வளர்ந்தவள் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு இரண்டு மைல் நடந்து வந்தாள். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். எல்லோரும் தற்செயலாக வந்ததாகவே சொல்லிக்கொண்டார்கள். ஏழாம் நாள் பத்து மணிக்கே பால் தீர்ந்து, பிள்ளை கருப்பட்டிக் காபிக்கு மாறினார்.

வேலம்மாள் என்னை "அண்ணே" என்று கூப்பிட்டாள். கொழும்பில் மழை எப்படி, கடல் எப்படி என்று கேட்டாள். தினமும் மழை பெய்யும் என்றேன். நம்பாமல் பாக்கியத்தைப் பார்த்தாள். "மெய்தான் மதினி" என்றாள் பாக்கியம். "அப்ப அங்க வெள்ளாமைக்கு என்ன கொறை" என்று வேலம்மாள் பெருமூச்சு விட்டாள்.

சங்கரலிங்கமும் தினம் வந்தார். எங்கள் பெண்களோடு பேசினார். எஸ்தருக்கு மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லக் கற்றுக்கொடுத்தார். பாக்கியத்தோடு நேராகப் பேசத் தொடங்கினார். என்னிடம் மட்டும் ஒரு சொல் கிடையாது. நான் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த அச்சுப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் நாங்கள் புறப்பட வேண்டும். கப்பல் காத்திருக்காது. காலையில் பெட்டிகளைக் காரில் ஏற்றினேன். வேலம்மாள் ஒரு மூட்டை குதிரைவாலியும், மிளகாய் வத்தலும் கொண்டு வந்திருந்தாள். கொழும்பில் சுங்கத்துக்காரரிடம் இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வாங்கி வைத்தேன். பாக்கியம் பிள்ளையின் மனைவியிடம் விடைபெற உள்ளே போனாள். பெண்கள் அத்தைமாரின் நடுவில் நின்றார்கள்.

சங்கரலிங்கம் அறைக்குள்ளிருந்து வந்தார். நாங்கள் காலி செய்த அறையில் அவருக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. கையில் ஓட்டுத் தூசி. துண்டில் துடைத்துக்கொண்டு காரின் பக்கம் வந்து, எனக்கு எதிரே நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ரூமு கூரையில நாலஞ்சு ஓடு ஒடைஞ்சு கெடக்கு. பிள்ளைகிட்ட மாத்தச் சொல்லியிருக்கேன். அவரு மாத்தலேன்னா நான் மாத்திருவேன்."

நான் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"ஐப்பசியில வராதீக. மழை, ஆத்துல தண்ணி போகும், காரு வராது. தை பொறக்கட்டும். அப்ப வாங்க. அந்த ரூமை வேற யாருக்கும் விடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"சரிங்க மச்சான்" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்ட சொல். பதினோரு வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மறுப்பாரோ என்று பார்த்தேன். அவர் காரின் பின் சக்கரத்தைக் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "மணலுக்குள்ள எறக்காதீக" என்று மட்டும் சொன்னார்.